வயல்நீரும் வளர்ப்புக் குடுவையும்

1978ஆம் ஆண்டு, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ரோஜர் ஸ்டேனியரும் அவரோடு சேர்ந்த நுண்ணுயிரியலாளர்களும் ஒரு முன்மொழிவை வெளியிட்டார்கள். தாவரவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக நீலப்பச்சைப் பாசி என்று விவரித்து, உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாத்துவந்த உயிர்களை இனிப் பாக்டீரியாக்களின் பெயரீட்டு விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். காரணங்கள் வலுவானவை. இந்த உயிர்களின் செல்லுக்குள் உட்கரு கிடையாது. தாவரங்களில் உள்ள பசுங்கணிகம் கிடையாது. செல்சுவர் பாக்டீரியாக்களின் சுவரைப் போலவே பெப்டிடோகிளைக்கானால் ஆனது. பாசி என்ற பெயரில் இவற்றோடு சேர்த்துப் படிக்கப்பட்ட ஸ்பைரோகைரா, உறவுமுறையில் இவற்றைவிடத் தென்னைக்கு மிக நெருக்கமானது. இன்று பாடநூல்களில் சயனோபாக்டீரியா என்றே எழுதுகிறோம். இந்த இடமாற்றத்தின் வரலாற்றைப் பலரும் ஒரு பிழை திருத்தப்பட்ட கதையாகவே சொல்கிறார்கள். பழைய நுண்ணோக்கியின் போதாமையால் தாவரவியலாளர்கள் ஏமாந்தார்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கியும் மரபணு ஒப்பீடும் வந்து உண்மையைக் காட்டின என்று அந்தக் கதை போகிறது. அதன் முற்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த உயிர்கள் உலகில் என்ன வேலை செய்கின்றன என்பதைக் கண்டறிந்ததில் பெரும்பங்கு, இவற்றைப் பாசி என்று எண்ணி வயலிலும் குளத்திலும் தேடியவர்களுக்கே உரியது. தொடக்கத்திலிருந்தே பாக்டீரியாவியலின் முறையில் மட்டும் இவை படிக்கப்பட்டிருந்தால், இவற்றின் சூழலியலில் நமக்கு மிகவும் பயன்பட்ட செய்தி இன்னும் தாமதமாகவே கிடைத்திருக்கும் என்பது என் வாதம்.

இவற்றின் பரப்பு திகைக்க வைப்பது. திறந்த கடலின் மேல்நீர், 70 பாகை செல்சியஸைத் தொடும் வெந்நீர் ஊற்று, அண்டார்டிகப் பாறையின் உட்துளை, பாலைநிலத்தின் மேலோடு என எங்கும் இருக்கின்றன. மழை ஓய்ந்தபின் கட்டாந்தரையில் வழுவழுப்பான கரும்பச்சைத் துண்டுகளாக உப்பிக் கிடக்கும் நாஸ்டாக் இவற்றில் ஒன்று. கோயில் மதில்களில் கறுத்துப் படரும் சைட்டோனீமா, கோடையில் குளத்தின் மேல் பச்சையாகத் திரண்டு மிதக்கும் மைக்ரோசிஸ்டிஸ் ஆகியவையும் இந்தத் தொகுதியே. சில வகைகள் பூஞ்சையோடு கூடி லைக்கன்களாகின்றன. சில சைகஸ் மரத்தின் வேர்களிலும் அசோலா இலையின் குழிவுகளிலும் குடியிருக்கின்றன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இவற்றின் ஒளிச்சேர்க்கையால்தான். பின்னொரு காலத்தில் இவற்றின் மூதாதை ஒன்று வேறொரு செல்லுக்குள் புகுந்து நிலைத்ததே பசுங்கணிகம். ரஷ்யரான கான்ஸ்டான்டின் மெரெஷ்கோவ்ஸ்கி 1905இல் இதைச் சொன்னபோது ஏற்றவர்கள் குறைவு. லின் மார்குலிஸ் 1967இல் வாதத்தை மீண்டும் எழுப்பினார். 1975இல் லிண்டா போனனும் ஃபோர்டு டூலிட்டிலும் ஒரு சிவப்புப் பாசியின் பசுங்கணிகத்திலுள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு உறவை உறுதிப்படுத்தினார்கள். ஆகவே பசுமையைக் கண்டு இவற்றைத் தாவரங்களோடு வைத்தவர்கள் ஒரு மெய்யான உறவைத்தான் தொட்டிருந்தார்கள். அந்த உறவு செல் முழுவதற்கும் உரியதில்லை, செல்லின் ஓர் உறுப்புக்கு உரியது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

பாக்டீரியாவோடு உள்ள உறவும் அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. லின்னேயஸ் 1753இல் நாஸ்டாக்கை ட்ரெமெல்லா என்ற பேரினத்தின் கீழ் பாசிகளோடு வைத்தார். ஜெனீவாவின் வோஷே 1803இல் நன்னீர்ப் பாசிகளைப் பற்றிய தம் நூலில் அதற்குத் தனிப் பேரினம் தந்தார். பிரெஸ்லாவ் நகரின் ஃபெர்டினாண்ட் கோன் 1875இல் இன்னும் ஒரு படி போனார். நீலப்பச்சைப் பாசிகளும் பாக்டீரியாக்களும் இரண்டாகப் பிளந்தே பெருகுகின்றன, இருபாலுக்குரிய அமைப்பு எதுவும் இரண்டிலும் இல்லை. எனவே இரண்டும் ஒரே பெருந்தொகுதி என்று அவற்றைச் சேர்த்து எழுதினார். ஸ்டேனியரின் முன்மொழிவுக்கு நூறாண்டு முன்பே அதன் கரு இருந்தது. அது ஏன் மறைந்தது என்பதற்கு விடை அறிவியல் கருத்துகளைவிட ஆய்வகங்களின் வரலாற்றில் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 1876இல், ராபர்ட் காக் ஆந்த்ராக்ஸ் பற்றிய தம் ஆய்வை இதே கோனிடம் கொண்டுவந்து காட்டினார். கோன் நடத்திய இதழிலேயே அது வெளிவந்தது. அதன்பின் பாக்டீரியாவியல் நோயைத் தேடும் துறையாக வளர்ந்தது. இறைச்சிச் சாறு, ஜெலட்டின், அகர், உடல் வெப்பத்தில் மூடிவைக்கும் இருண்ட பெட்டி ஆகியவை அதன் கருவிகள். ஒளி வேண்டும், மெதுவாக வளரும், மனிதனுக்குள் நோயாகப் புகாது, தன் மேலுள்ள கூழில் குடியிருக்கும் பிற நுண்ணுயிர்களைவிட்டுப் பிரியாது என்ற இயல்புகளுள்ள ஓர் உயிருக்கு அந்த ஆய்வகத்தில் இடமில்லை. அது தாவரவியலாளரின் உலர் மாதிரி அறைக்குப் போனது. அங்கே போனது அதற்கும் நமக்கும் நல்லதாயிற்று.

எதனால் நல்லது என்பதற்கு ஒரே ஒரு செல்லின் வரலாறு போதும். நாஸ்டாக், அனபீனா போன்றவற்றின் மணிமாலை போன்ற இழையில் பத்து இருபது செல்களுக்கு ஒன்றாக, சற்றுப் பெரியதாக, தடித்த சுவரோடு, உள்ளே வெறுமையாகத் தோன்றும் ஒரு செல் இருக்கும். அதற்கு ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இனப்பெருக்கத்துக்கான உறுப்பின் எச்சம் என்றார்கள் சிலர். இழை முறிவதற்கான இடம் என்றார்கள் வேறு சிலர். ஆனாலும் பிரான்சின் எதுவார் பார்னேயும் சார்ல் ஃபிளாஹோவும் 1886 முதல் 1888 வரை வெளியிட்ட பெருநூலில், அந்தச் செல் உள்ள இழைப் பாசிகளைத் தனித் தொகுதியாகப் பிரித்தார்கள். அது இல்லாத இழைகளைத் தனியே எடுத்து 1892இல் மோரிஸ் கோமோன் ஒரு நூல் செய்தார். தாவரப் பெயரீட்டு விதிகளில் இந்த இரு தொகுதிகளுக்கும் பெயர்களின் தொடக்கப் புள்ளியாக இன்றும் இந்த இரு நூல்களே நிற்கின்றன. இங்கிலாந்தில் பாசியியலின் மூத்த அறிஞராக இருந்த எஃப்.இ. ஃபிரிட்ச், 1951இல் லின்னேயன் கழகத்தில் ஆற்றிய தலைமையுரைக்கு ஹெட்டிரோசிஸ்டையே பொருளாக எடுத்து, அதைத் தாவரவியலின் புதிர் என்று குறிப்பிட்டார். அறுபத்தைந்து ஆண்டுகள் ஒரு பெரும் வகைப்பாட்டைத் தாங்கிய உறுப்பு, அப்போதும் புதிராகவே இருந்தது.

புதிர் அவிழ்ந்தது 1968இல். பீட்டர் ஃபே, டபிள்யூ.டி.பி. ஸ்டூவர்ட், ஏ.இ. வால்ஸ்பி, ஜி.இ. ஃபாக் ஆகியோர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றும் வேலை இந்தச் செல்லில்தான் நடக்கிறது என்று சான்றுகளோடு வாதிட்டார்கள். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் அழிந்துவிடும். பக்கத்துச் செல்களோ பகல் முழுவதும் ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. ஹெட்டிரோசிஸ்ட் தன் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை உண்டாக்கும் பகுதியைக் கைவிட்டு, தடித்த சுவரால் வெளிக்காற்றைத் தடுத்து, அண்டைச் செல்கள் தரும் சர்க்கரையில் உயிர்வாழ்ந்து, பிடித்த நைட்ரஜனை அவற்றுக்குத் திருப்பித் தருகிறது. உள்ளே வெறுமையாகத் தோன்றியதன் காரணமும் இதுதான். பார்னேயும் ஃபிளாஹோவும் பிரித்தது வெறும் உருவ வேறுபாட்டை மட்டும் தழுவியிருந்திருந்தால், மரபணு ஒப்பீடு வந்தபோது அந்தத் தொகுதி சிதறியிருக்க வேண்டும். அது சிதறவில்லை. ஹெட்டிரோசிஸ்ட் உண்டாக்கும் சயனோபாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை என்பதை மரபணு மரங்கள் மறுபடி மறுபடி காட்டின. செயல் தெரியாமலேயே, பார்த்துப் பழகிய கண்ணால் மட்டும், சூழலியலின் ஒரு பெரும் உண்மையை அந்த இருவரும் எல்லைகட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்ல இடமிருக்கிறது. மறுப்பவர் முன்வைக்கக்கூடிய சான்றுகளும் உண்டு. கடலில் வைக்கோல் தூள்போல் மிதக்கும் டிரைக்கோடெஸ்மியத்தில் ஹெட்டிரோசிஸ்ட் கிடையாது. ஆனாலும் அது நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று 1961இல் சார்காசோ கடலில் ஆய்வுசெய்த டக்டேலும் கூட்டாளிகளும் காட்டினார்கள். 1969இல் ஒற்றைச் செல் வகையான கிளியோகாப்சாவிலும் அந்தத் திறன் தெரியவந்தது. எனவே ஹெட்டிரோசிஸ்டும் நைட்ரஜன் பிடிப்பும் ஒன்றுக்கொன்று முழுவதும் பொருந்துவதில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் என்ற சொல் அந்தத் தாவரவியலாளர்கள் செய்த உழைப்பை மறைக்கிறது. எந்த உறுப்பு ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஒப்பிட்டு அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். ஹெட்டிரோசிஸ்ட் இழையில் எங்கே நிற்கிறது, நுனியிலா நடுவிலா என்பதைக்கூடக் குறித்தார்கள். அந்த நிதானம்தான் விளைவைத் தந்தது.

இந்தக் கதையில் இலங்கைக்கும் வங்காளத்துக்கும் சென்னைக்கும் உள்ள பங்கு போதுமான அளவு பேசப்படுவதில்லை. ஃபிரிட்ச் இளவயதில் இலங்கையின் நன்னீரிலும் ஈரநிலத்திலும் பாசிகளைத் திரட்டினார். குளிர்நாடுகளில் பச்சைப் பாசிகள் பிடித்திருக்கும் இடத்தை வெப்பநாடுகளில் நீலப்பச்சைப் பாசிகளே பிடித்திருக்கின்றன என்று 1907இல் எழுதினார். எருவே இடாத நஞ்சை நிலம் ஆண்டுதோறும் எப்படி நெல் தருகிறது என்பது அக்கால வேளாண் வேதியியலின் பெரிய கேள்வி. பாசிதான் காரணமோ என்ற ஐயம் பழையது. ஜெர்மனியில் ஃபிராங்க் 1889லேயே மண்மேல் பாசிகள் நைட்ரஜனைப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தார். பாக்டீரியாவியலாளர்கள் கேட்ட எதிர்க்கேள்வி நியாயமானது: பாசியின் கூழுறைக்குள் வேறு பாக்டீரியாக்கள் இருக்கின்றனவே, வேலையைச் செய்தது எது? 1928இல் டிரெவெஸ் என்பவர் வேறு எதுவும் கலவாத தூய வளர்ப்பில் நாஸ்டாக்கும் அனபீனாவும் தாமே நைட்ரஜனைப் பிடிப்பதைக் காட்டினார். அதை வயலுக்குக் கொண்டுவந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த பி.கே. டே. வங்க நெல்வயல் மண்ணை லண்டனுக்குக் கொண்டுபோய், அதிலிருந்து அனபீனா வகைகளைத் தூயதாகப் பிரித்தெடுத்தார். 1938இல் ஃபிரிட்சும் அவரும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். 1939இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் டேயின் முழுக் கட்டுரை வந்தது. தேங்கிய நீரில் கிடக்கும் நெல்மண்ணில் நைட்ரஜனைச் சேர்ப்பது முதன்மையாகப் பாசிகளே, மண் பாக்டீரியாக்களின் பங்கு சிறியது என்பது அவர் முடிவு. தூய வளர்ப்பு என்ற பாக்டீரியாவியல் முறை இல்லாமல் இதை நிறுவியிருக்க முடியாது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எந்த உயிரைப் பிரித்தெடுக்க வேண்டும், எந்த நீரில் தேட வேண்டும், ஒளியில் வைக்க வேண்டும் என்ற அறிவெல்லாம் பாசியியலின் சொத்து. வயல்மண்ணில் நைட்ரஜனைத் தேடிய பாக்டீரியாவியலாளர் தம் பழக்கப்படி அசோடோபாக்டர் என்ற மண் பாக்டீரியாவைத்தான் தேடியிருப்பார்.

ஃபிரிட்சிடம் லண்டனில் ஆய்வு செய்த இன்னொருவர் எம்.ஓ.பி. அய்யங்கார். 1886இல் பிறந்து 1963இல் மறைந்தவர்; சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை இந்தியப் பாசியியலின் நாற்றங்காலாக ஆக்கியவர். ஈரமண்ணில் தாம் கண்ட ஒரு புதிய பச்சைப் பாசிக்கு 1932இல் தம் ஆசிரியரைப் போற்றும் வகையில் ஃபிரிட்சியெல்லா என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட சயனோஃபைட்டா, அறுநூறு பக்கங்களைத் தாண்டும் நூல். வியன்னாவின் லோதர் கைட்லர் 1932இல் எழுதிய பெருநூலுக்குப் பின், வெப்பநாட்டு வகைகளுக்கு இதுவே உலகின் பல பகுதிகளிலும் கைநூலாயிற்று. இன்றும் சயனோபாக்டீரியாவை நுண்ணோக்கியில் வைத்து இனம் காண முயலும் மாணவர் முதலில் புரட்டுவது இதைத்தான். அதை வெளியிட்டது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். தாவர வகைப்பாட்டு நூல் ஒன்றுக்கு வேளாண் கழகம் செலவழிக்க முன்வந்ததற்கு டேயின் நெல்வயல் முடிவுகளும், காசியில் ஆர்.என். சிங் களர்நிலத்தில் நீலப்பச்சைப் பாசிகளை வளர்த்துச் செய்த ஆய்வும் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நூலில் ஒவ்வொரு இனத்தின் விவரிப்போடும் அது எங்கே கிடைத்தது என்பது வருகிறது: ஈரமண், நெல்வயல், குளத்தின் கரை, மரப்பட்டை என்று. உருவத்தையும் இடத்தையும் சேர்த்தே எழுதும் இந்தப் பழக்கம்தான் வகைப்பாட்டைச் சூழலியலின் ஆவணமாகவும் ஆக்கியது. குடுவையில் வளரும் வளர்ப்பின் எண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு நிலக்காட்சி எப்போதும் இருப்பதில்லை.

உருவத்தை நம்பியதால் நேர்ந்த தீங்குகளும் உண்மை. அவற்றைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. இழையைச் சுற்றியுள்ள உறை இருக்கிறதா, தடித்ததா, ஒன்றோடொன்று ஒட்டுவதா என்பதை வைத்து லிங்பியா, ஃபார்மிடியம், ஆசிலட்டோரியா என்று பேரினங்களைப் பிரித்தார்கள். உறையோ ஈரத்துக்கும் ஒளிக்கும் ஏற்ப மாறக்கூடியது. விளைவு, ஒரே உயிருக்குப் பல பெயர், பல உயிர்களுக்கு ஒரே பெயர். இதைக் கண்டு சலித்த அமெரிக்கர் ஃபிரான்சிஸ் ட்ரூவே, 1950களிலிருந்து வெளியிட்ட திருத்த நூல்களில் சுமார் 2000 இனங்களைச் சில பத்துகளாகச் சுருக்கினார். மற்றவையெல்லாம் சூழலால் நேர்ந்த உருமாற்றங்களே என்றார். அந்தக் கருத்தை அவர் உயிருள்ள வளர்ப்பில் சோதிக்காமல் உலர் மாதிரிகளிலிருந்தே முடிவுசெய்தார், டி.என்.ஏ. ஒப்பீடுகள் பின்னர் அதை மறுத்தன. இன்னும் கடுமையான சான்று நச்சுத்தன்மை. தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கால்நடைகள் இறந்ததற்கு நொடுலேரியாவே காரணம் என்று ஜார்ஜ் ஃபிரான்சிஸ் 1878இல் நேச்சர் இதழில் எழுதினார். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் நீரில் மைக்ரோசிஸ்டின் என்ற சயனோபாக்டீரிய நஞ்சு கலந்திருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரே ஏரியில் ஒரே உருவத்தில் மிதக்கும் இரண்டு மைக்ரோசிஸ்டிஸ் திரள்களில் ஒன்றிடம் நஞ்சைச் செய்யும் மரபணுக்கள் இருக்கும், மற்றொன்றிடம் இருக்காது. எவ்வளவு பழகிய கண்ணும் அதைப் பிரித்தறிய முடியாது. உயிரைக் காக்க வேண்டிய இடத்தில் உருவ வகைப்பாடு கைவிட்டுவிடுகிறது என்ற இந்த மறுப்புக்கு என்னிடம் பதிலில்லை. இங்கே மரபணுவே துணை.

அதே வேளையில், உருவத்தை எல்லாரும் ஒரே கவனத்தோடு பார்க்கவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்று மாத்திரையாகவும் தூளாகவும் விற்கப்படும் ஸ்பைருலினாவின் வரலாறு இதற்குச் சான்று. சுருளில் குறுக்குச் சுவர்கள் தெளிவாகத் தெரியும் வகைகளை ஆர்த்ரோஸ்பைரா என்று 1892இல் கோமோன் தனியே வைத்தார். 1932இல் கைட்லர் இரண்டையும் ஸ்பைருலினா என்ற ஒரே பேரினத்துக்குள் சேர்த்தார். சாட் நாட்டு ஏரிக்கரை மக்கள் நெடுங்காலமாக அடையாக உலர்த்தி உண்டுவந்த ஆர்த்ரோஸ்பைரா உலகச் சந்தைக்கு வந்தபோது கைட்லரின் பெயரே ஒட்டிக்கொண்டது. சென்னையில் சி.வி. சேஷாத்ரி தலைமையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் ஊர்ப்புறப் பெண்கள் தொட்டிகளில் வளர்க்கும்படி அதை எளிமையாக்கியபோதும் பெயர் ஸ்பைருலினாதான். மரபணு ஒப்பீடு வந்தபின் இரண்டும் தொலைவான கிளைகள் என்பது தெளிவாயிற்று. 1892இன் நுண்ணோக்கி சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அதைக் கைவிட்டதுதான் தவறு.

ஸ்டேனியரின் பணிக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் சி.பி. வான் நீலும் அவரும் 1941இலேயே பாக்டீரியாக்களையும் நீலப்பச்சைப் பாசிகளையும் ஒரே தொகுதியில் வைத்தார்கள். 1962இல், உட்கரு இல்லாத செல், உட்கரு உள்ள செல் என்ற பிரிவே உயிருலகின் மிக ஆழமான பிளவு என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரை உயிரியலின் சிந்தனையையே மாற்றியது. 1979இல் ரோஸ்மேரி ரிப்காவும் ஸ்டேனியரும் கூட்டாளிகளும் 178 தூய வளர்ப்புகளை வைத்து 22 பேரினங்களுக்குப் புதிய வரையறை தந்தார்கள். யார் வேண்டுமானாலும் அந்த வளர்ப்புகளை வரவழைத்துச் சோதிக்கலாம் என்பது அறிவியலுக்குக் கிடைத்த பெரும் கொடை. ஆனால் உலகெங்கும் பரவிய ஒரு தொகுதிக்கு 178 வளர்ப்புகள் மிகச் சிறிய சாளரம். குடுவையில் வளர ஒப்புக்கொண்டவை மட்டுமே அதில் வர முடிந்தது. மேலும் குடுவை உயிரை மாற்றுகிறது. நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே செய்யப்பட்டு உலகெங்கும் புழங்கும் வளர்ப்புக் கரைசலில் நைட்ரேட் தாராளமாக இருக்கிறது. நைட்ரேட் இருக்கும்போது அனபீனாவுக்கு ஹெட்டிரோசிஸ்ட் தேவைப்படாது. இழை முழுவதும் ஒரேவகைச் செல்களாக நிற்கும். ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்ட சில வளர்ப்புகள் அதை உண்டாக்கும் திறனையே இழந்துவிட்டன. நீரில் மிதக்க உதவும் வாயுப்பைகளும் திரள் அமைப்பும் அப்படியே மறைவதுண்டு. ரிப்காவின் குழுவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நைட்ரேட்டை நீக்கிய கரைசலிலும் வளர்த்து ஹெட்டிரோசிஸ்ட் தோன்றுகிறதா என்று பார்த்தார்கள், அதைத் தங்கள் பிரிவுகளில் இரண்டுக்கு அடையாளமாகவும் வைத்தார்கள். எதைத் தேட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லித் தந்தது பார்னேயின் நூல்.

பெயர் வெறும் ஒப்பந்தம்தானே, எந்த விதிப்புத்தகத்தில் எழுதினால் உயிருக்கு என்ன என்று கேட்கலாம். உயிருக்கு ஒன்றுமில்லை, அதைப் படிப்பவருக்கு நிறைய இருக்கிறது. தாவர விதிப்படி ஒரு பெயருக்கு ஆதாரம் உலர் மாதிரியாக இருக்கலாம். பாக்டீரியா விதிப்படி உயிருள்ள தூய வளர்ப்பு, இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பு நிலையங்களில் இருக்க வேண்டும். இரண்டாவது விதியை மட்டும் கண்டிப்பாகப் பிடித்தால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திரட்டப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் ஆதாரமற்றவையாகிவிடும். நடைமுறையில் பாக்டீரியா விதியின் கீழ் முறைப்படி பெயரிடப்பட்ட சயனோபாக்டீரியாக்கள் மிகச் சிலவே. கடைசியில், தாவர விதிப்படி செல்லுபடியான பெயர்களைப் பாக்டீரியா விதியும் ஏற்கும் என்ற திருத்தம் 2021இல் வந்தது. ஸ்டேனியர் கேட்டது வேறு, நாற்பது ஆண்டு கழித்து நடந்தது வேறு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய தேசியக் கடல் சயனோபாக்டீரியா மையம் போன்ற உயிர்வளர்ப்புக் களஞ்சியங்களும், தேசிகாச்சாரியின் நூல் போன்ற உருவ விவரிப்புகளும் ஒருசேரத் தேவை என்பதையே அந்தத் திருத்தம் ஒப்புக்கொள்கிறது.

வயலிலும் இதற்கு விலை உண்டு. டெல்லியில் ஜி.எஸ். வெங்கடராமன் திறந்த தொட்டியில் மண்ணோடு நீலப்பச்சைப் பாசியை வளர்த்து உலர்த்தும் எளிய முறையைப் பரப்பினார். நடவுக்குப் பத்து நாள் கழித்து ஹெக்டேருக்கு 10 கிலோ தூவச் சொல்லும் பரிந்துரை தமிழ்நாட்டு உழவருக்கும் வந்து சேர்ந்தது. அனபீனா, நாஸ்டாக், டோலிபோத்ரிக்ஸ், ஆலோசைரா என்று பெயர் தெரிந்த வகைகளை இட்டால் அவை வயலில் பெருகும் என்பது எதிர்பார்ப்பு. 1980இல் பியர் ரோஜரும் இலங்கையின் எஸ்.ஏ. குலசூரியவும் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக எழுதிய நீலப்பச்சைப் பாசியும் நெல்லும் பற்றிய நூல், அதுவரை தெரிந்ததையெல்லாம் ஒருங்கே திரட்டியது. அதன்பின் ரோஜரும் பிறரும் செய்த கணக்கெடுப்புகளில், பொட்டலத்தில் வரும் உயிர்களைவிட வயல்மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உள்ளூர் வகைகளே பெரும்பாலும் அதிகம் என்பதும், வெளியிலிருந்து இட்டவை பல இடங்களில் நிலைக்கவில்லை என்பதும் தெரிந்தன. மேலே தூவிய யூரியா அவற்றின் நைட்ரஜன் பிடிப்பை நிறுத்திவிடும். மணிச்சத்துக் குறைவு வளர்ச்சியை ஒடுக்கும். தேங்கிய நீரிலுள்ள ஆஸ்ட்ரகோடு என்னும் நுண்ணிய ஓட்டுயிர்கள் மேய்ந்து தீர்த்துவிடும். தூய வளர்ப்பில் கிடைத்த பெயரை வைத்து வயலின் நடத்தையை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த வயலில் எது வாழ்கிறது என்று போய்ப் பார்க்கும் பழைய வேலை இன்னும் முடியவில்லை.

கடலில் கதை சற்று மாறுகிறது. என் வாதத்தின் எல்லையும் அங்கே தெரிகிறது. 1979இல் ஒளிர்நுண்ணோக்கியில் சினெகோகாக்கஸ் கடலெங்கும் நிறைந்திருப்பது தெரியவந்தது. 1988இல் சாலி சிஷோமும் கூட்டாளிகளும், செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையில் ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் வைத்து, அதைவிடச் சிறிய புரோகுளோரோகாக்கஸைக் கண்டார்கள். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த வட்டப் புள்ளி. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் லட்சம் வரை இருக்கும். பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம். தாவரவியலாளரின் வலையும் பாக்டீரியாவியலாளரின் அகரும் அதைத் தவறவிட்டன. அதன் வடிவத்தில் வகைப்பாட்டுக்கு உதவும் எதுவுமில்லை. மேல்நீரின் கடும் ஒளியில் வாழ்பவை, ஆழத்தின் மங்கிய ஒளியில் வாழ்பவை என்ற பிரிவு மரபணுக்களில் மட்டுமே தெரிகிறது. இன்னொரு முனையில், சயனோபாக்டீரியாவின் நெருங்கிய உறவினங்கள், ஒளிச்சேர்க்கையே செய்யாதவை, மனிதக் குடலிலும் நிலத்தடி நீரிலும் வாழ்வதாக 2013இல் டி.என்.ஏ. சான்றுகள் வெளிவந்தன. பசுமையை அடையாளமாகக் கொண்ட எந்த வகைப்பாட்டுக்கும் இவை எட்டாதவை.

எந்தக் குடுவையிலும் தனியே வளராத வகைகளும் இருக்கின்றன. அசோலா இலைக்குள் வாழும் இழையின் மரபணுத்தொகை 2010இல் படிக்கப்பட்டபோது, தனித்து வாழத் தேவையான பல மரபணுக்கள் சிதைந்துபோயிருந்தன. கடலில் இன்னொன்று அதைவிடத் தொலைவு போய்விட்டது. ஜோனதன் ஸேரின் குழு 1990களின் இறுதியிலிருந்து, நைட்ரஜன் பிடிக்கும் ஒரு மரபணுவின் தடயத்தைக் கடல்நீரில் பார்த்துவந்தது. உயிர் கையில் சிக்கவில்லை; அதற்கு ஒளிச்சேர்க்கையின் ஆக்சிஜன் பகுதி இல்லை என்பது மட்டும் 2008இல் தெரிந்தது. அது ஓர் ஒற்றைச்செல் பாசிக்குள் வாழ்கிறது என்பது பின்னர் வெளிப்பட்டது. 2024இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, அது விருந்தாளி நிலையைக் கடந்து அந்தப் பாசியின் உறுப்பாகவே ஆகிவிட்டது என்று முடிவுசெய்து நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் தந்தது. பாசி பிரியும்போது அதுவும் பிரிகிறது. தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்தே பெறுகிறது. அந்தப் பாசியின் பெயர் பிராருடோஸ்ஃபியரா பிகெலோவி. அதைப் பல ஆண்டு முயற்சியில் குடுவையில் வளரச் செய்தவர் ஜப்பானின் கியோகோ ஹகினோ. அவர் மரபணுக்காரர் இல்லை. சுண்ணாம்பு ஓடுடைய நுண்பாசிகளின் தொல்லெச்சங்களை வடிவத்தைக் கொண்டு இனம்காணும் துறையில் வந்தவர். ஐங்கோணத் தகடுகளால் மூடிய அந்தச் செல்லை அவர் கடல்நீரில் தேடியதும் அதன் வடிவத்தை வைத்துத்தான்.